வாரம் ஒரு எழுத்தா, வாரம் ஒரு விலங்கா? யு.கே.ஜி. வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது

இந்த ஆண்டு பிள்ளையை யு.கே.ஜி.யில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்த வீடுகளில் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: எதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பது? இணையத்தில் தேடினால் இரண்டு வழிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒன்று, வாரம் ஒரு எழுத்து. இன்னொன்று, வாரம் ஒரு விலங்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, இந்த வாரம் ‘எ’, அதனால் எறும்பு என்று போகும் திட்டங்களும் நிறைய. அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது வழியும் உண்டு. நாலைந்து எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்து, ஆரம்பத்திலேயே சொல்லாகப் படிக்க வைப்பது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு மூன்றாவது வழி, மீதி எல்லாவற்றுக்கும் விலங்கு. வாரம் ஒரு எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு ஓரளவு தாங்கும், தமிழுக்குத் தாங்காது. ஏன் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன் சட்டத்தை முடித்துவிடுவோம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் அதற்கு யு.கே.ஜி. படித்த சான்று கேட்பதில்லை. சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று எழுத்தைக் காட்டிக் கேட்கும் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன, அது வேறு கதை. ஆறு வயதுக்கு மேலும் வீட்டிலேயே தொடர்வதா என்பது தனியாக யோசிக்க வேண்டிய பெரிய விஷயம். இங்கே பேசுவது இந்த ஓராண்டை மட்டும்தான்.

வாரம் ஒரு எழுத்து

இதன் பெரிய பலம், சொல்லிக்கொடுப்பவருக்குத் தலைவலி இல்லை என்பது. திங்கள்கிழமை காலை எழுந்ததும் இன்றைக்கு என்ன செய்வது என்று விழிக்க வேண்டாம். எழுத்து தெரியும், அதற்கான படம் தெரியும், வண்ணம் தீட்டும் தாள் தயார். வேலைக்குப் போகும் பெற்றோர் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் நடக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் கூடும் வெளிநாட்டுத் தமிழ் வகுப்புகளுக்கும் இது வசதி.

ஆனால் இது ஆங்கிலத்துக்காக உருவான கால அட்டவணை. 26 எழுத்து, 26 வாரம், அரை ஆண்டில் முடிந்துவிடும். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. வாரம் ஒன்று என்று போனால் நாலே முக்கால் ஆண்டு. அதற்குள் பிள்ளை நாலாம் வகுப்பில் இருக்கும். ‘உயிரும் மெய்யும் மட்டும் வாரம் ஒன்று, உயிர்மெய் அப்புறம் தானாக வந்துவிடும்’ என்று சிலர் சமாளிக்கிறார்கள். 30 வாரம் கழிந்த பிறகும் அந்தப் பிள்ளையால் ‘பாட்டி’ என்று எழுத முடியாது. துணைக்காலும் கொக்கியும் இன்னும் வரவில்லையே!

எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது அடுத்த கோளாறு. ‘ட’வை ஒரு நாளில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு ‘இ’ போட இரண்டு வாரம் ஆகலாம். ‘ங’வுக்கு ஒரு முழு வாரம் எதற்கு? ‘ங்க’ என்று வரும் இடத்தைத் தவிர அதை எங்கே பார்க்கப் போகிறோம்? இன்னொன்று, பிள்ளைகள் தங்கள் பெயரில் உள்ள எழுத்துகளை மற்ற எழுத்துகளுக்கு முன்பே அடையாளம் காண்கிறார்கள் என்பது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தமிழிலும் பார்க்கலாம். யாழினி என்று பெயர் உள்ள பிள்ளைக்கு ‘ழி’ எப்போதோ தெரியும். அவளை அந்த எழுத்துக்காக மார்ச் மாதம் வரை காக்க வைப்பதில் என்ன இருக்கிறது?

எழுத்துக்கு விலங்கு கோப்பது

ஆங்கில விலங்கு அட்டவணைகளை வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். அழகான படங்கள்தான், ஒலிதான் உதைக்கும். ‘ஓ’வுக்கு அவுல் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லின் தொடக்கத்தில் கேட்பது ‘அவ்’. ஆக்டோபஸோ ஆஸ்ட்ரிச்சோ இருந்தால் சரி. ‘ஜி’க்கு ஜிராஃப் போட்டால் பிள்ளை ‘கோட்’டைப் பார்த்துக் குழம்பும். ‘சி’க்குச் சிம்பன்சியும் சீட்டாவும் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ‘கேட்’ என்று படிக்க உதவாது. ‘எக்ஸ்’ஸில் தொடங்கும் விலங்கைத் தேடி அட்டவணை போடுபவர்கள் படும் பாடு தனி. அந்தக் கட்டத்தில் ‘ஃபாக்ஸ்’ படத்தைப் போட்டு, ஒலி கடைசியில் வருகிறது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

தமிழில் உயிரெழுத்து வரிசை முதலில் ஜோராகப் போகும். அணில், ஆடு, இறால், ஈ, உடும்பு. ‘ஊ’வுக்கு ஊசித்தட்டான் இருக்கிறது. எலி, எருமை, எறும்பு என்று ‘எ’வில் கூட்டமே நிற்கும். ‘ஏ’வுக்குக் காளை என்ற பொருளில் ஏறு உண்டு, ஜல்லிக்கட்டு பார்த்த பிள்ளைக்குப் புரியும். ஒட்டகம், ஓணான், ஓநாய் எல்லாம் வந்துவிடும். ‘ஐ’யிலும் ‘ஔ’விலும் வண்டி நின்றுவிடும்.

மெய்யெழுத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை என்பது இலக்கணம். ட, ர, ல மூன்றையும் டால்பின், லங்கூர் என்று கடன் வாங்கித் தேற்றலாம். ண, ழ, ள, ற, ன ஐந்துக்கும் அதுவும் முடியாது. முதலெழுத்தைப் பிடித்து விலங்கு தேடும் திட்டம் தமிழில் இந்த இடத்தில் செத்துவிடுகிறது.

ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் தேடினால் பூங்காவே திறந்துகொள்ளும். ‘ஐ’யில் தொடங்கும் விலங்கு கிடைக்கவில்லை, சரி. ‘ஐ’யில் முடியும் விலங்குகளை எண்ணிப் பாருங்கள்: பூனை, யானை, ஆமை, நத்தை, தவளை, முதலை, ஆந்தை, கழுதை, சிறுத்தை. கொக்கி போட்ட எழுத்தில் முடிபவை: எலி, புலி, நரி, கிளி, பல்லி, கரடி, கோழி. டு, பு, கு மூன்று மட்டும் தெரிந்தால் மாடு, ஆடு, நண்டு, வண்டு, பாம்பு, எறும்பு, உடும்பு, கழுகு, கொக்கு, குரங்கு எல்லாவற்றின் வாலும் கையில் வந்துவிடும். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதால் அதுதான் பிள்ளைகளை அதிகம் படுத்தும். பதினெட்டையும் ஒரே மூச்சில் எழுத வைக்காமல் இந்த மூன்றில் தொடங்கினால் பாரம் பாதி குறையும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ‘ஐ’யில் முடியும் பெயர்களை நாம் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை. பூன, யான, தவள என்றுதான் வாயில் வரும். காதில் விழுந்தபடி எழுதும் பிள்ளை ‘பூன’ என்றுதான் எழுதும், அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எழுதிய அட்டையைக் காட்டி ‘எழுதும்போது பூனை’ என்று நிறுத்திச் சொன்னால், கொஞ்ச நாளில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ‘பாம்பு’ம் அப்படித்தான். முதல் ‘பா’வும் கடைசி ‘பு’வும் ஒரே எழுத்துக் குடும்பம், ஒலி வேறு. கூர்மையான பிள்ளை உடனே கேட்கும். ‘ம்’ பக்கத்தில் உட்கார்ந்தால் ‘ப’ மெத்தென்று ஆகிவிடும் என்றால் ஏற்றுக்கொள்ளும், ‘கம்பு, அம்பு, வேம்பு’ என்று சொல்லிப் பார்க்கச் சொன்னால் தானே உறுதி செய்துகொள்ளும்.

வாரம் ஒரு விலங்கு

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கணக்கு, அறிவியல், கதை, ஓட்டம், ஓவியம் எல்லாவற்றையும் ஒரு விலங்கின் மேல் ஏற்றிவிடலாம். ஆனால் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் விலங்குத் திட்டங்களில் பாதி பனிக்கரடியும் பென்குயினும்தான். பென்குயின்மேல் பிள்ளைக்கு ஆசை இருந்தால் தாராளமாகப் படம் காட்டலாம். பஞ்சை ஒட்டிப் பனிக்கரடி செய்வதில் ஒரு காலை போய்விடும், அதில் பிள்ளை கற்றது என்னவென்று கேட்டால் பசை காயும் நேரம்தான். முக்கால்வாசி வேலையை அம்மாவே செய்திருப்பார்.

வீட்டைச் சுற்றி இருக்கும் உயிர்களை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. குழியானையை எடுத்துக்கொள்வோம், சில ஊர்களில் குழிநரி என்பார்கள். சுவரோரத்தில் மழை படாத பொடி மண்ணில் புனலைப் போல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். நடுவில் யாரும் தெரியாது. ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும். எறும்பு மேலே ஏற ஏற, அடியிலிருந்து யாரோ மண்ணை வீசி அடிப்பார்கள். விரலால் குழியோடு மண்ணை அள்ளி ஒரு தட்டில் கொட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த பூச்சி. பின்பக்கமாகத்தான் நகரும். தட்டில் போதுமான மண் போட்டு விட்டுவைத்தால் அங்கேயே புதுக் குழி வெட்டும். இது வளர்ந்த பூச்சி இல்லை, புழுப் பருவம். கூடு கட்டி வெளியே வரும்போது தட்டானைப் போல் மெல்லிய இறக்கைகளோடு பறந்துவிடும்.

ஐந்து வயதுப் பிள்ளை இதன் பக்கத்தில் அரை மணி நேரம் குந்தியிருக்கும். நாம் சொல்லித்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. எத்தனை குழி என்று எண்ணலாம். எது பெரிய குழி என்று குச்சியால் அளக்கலாம். பின்பக்கமாகவே நடந்து சமையலறை வரை போய்ப் பார்க்கலாம், அதுதான் அன்றைய உடற்பயிற்சி. அப்புறம் அந்த வாரச் சொற்களை எழுதிப் பாருங்கள்: குழி, மண், எறும்பு, பள்ளம், யானை. ‘எதிலும் முதலில் வராது’ என்று கைவிட்ட ழ, ண, ற, ள, ன ஐந்தும் இந்த ஐந்து சொல்லுக்குள் வந்துவிட்டன. ‘இங்கே வா, பார்’ என்று கூப்பிட்டால் ‘ங்’கும் வந்தாயிற்று.

மழைக்காலம் என்றால் நத்தை. ஒரு கண்ணாடித் தட்டின்மேல் விட்டு, தட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வயிறே காலாக அலை அலையாக நகர்வது தெரியும். பார்த்து முடித்ததும் செடியில் விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காகம், பல்லி, அணில், தெருநாய் யாரும் சும்மா இல்லை. உயிரியல் பூங்காவுக்கும் ஒரு முறை போய் வரலாம். வண்டலூர் போவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறக்க வேண்டாம். ஆனால் ஒரே நாளில் நாற்பது விலங்கைப் பார்க்கும் பிள்ளைக்கு மனதில் நிற்பது பேட்டரி வண்டியும் ஐஸ்கிரீமும்தான். விலங்கு வாரம் என்ற ஆர்வத்தில் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வாங்கி வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இந்த வழியின் ஓட்டை எங்கே என்றால், எழுத்து எதுவும் விடுபடவில்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வாரங்கள் ஜாலியாக ஓடிவிடும், டிசம்பரில் பார்த்தால் ‘ஞ’வும் ‘ஔ’வும் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அவை இரண்டும் விடுபட்டால் உலகம் முழுகாது. ஆனால் ‘ெ, ே’ விடுபட்டால் சிக்கல். 247 கட்டம் உள்ள எழுத்து அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, பிள்ளை தானாகப் படித்த எழுத்தின்மேல் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும், அடுத்த விலங்கை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். இரட்டைக்கொம்பு காலியாக இருந்தால் தேள், தேனீ, பேன். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வர வேண்டுமா, கொசுவும் கொக்கும்.

சேர்த்துக் கொடுத்து, சொல்லாகப் படிப்பது

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தபோது அ, ஆ-வில் தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று நேராகச் சொல்லில்தான் தொடங்கியது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பட்டாவைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் முறை அதேதான். ப, ட, ம மூன்றும் கோடும் வளைவுமாக எழுத எளியவை. மெய்யின் புள்ளியும் சேர்ந்தால் படம், பட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே மூன்று சொல். க, ல, ர, ந நாலையும் சேர்த்து ஒரு கொக்கியையும் கொடுத்தால் நரி, கரடி, பல்லி மூன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்துவிடும். ‘எ’ ஒன்றைச் சேர்த்தால் எலியும் ஓடி வரும்.

தான் பார்த்த பல்லியின் பெயரைத் தானே படித்துவிட்டேன் என்ற மிதப்பு அந்த வயதில் பெரிய விஷயம். ‘அ’ என்ற எழுத்துக்கு ஒரு வாரம் வண்ணம் தீட்டி முடிக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காது.

ஆங்கிலத்திலும் இதே கணக்கு. ஒலிமுறைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறுதான் முதலில் வரும். அந்த ஆறிலேயே ஆன்ட் எழுதிவிடலாம், எறும்பு வாரத்துக்கு அது போதும். அடுத்த தொகுதியில் சி, இ, ஹெச், ஆர் வந்ததும் கேட், ரேட், ஹென். ஜி-யும் ஓ-வும் வந்த பிறகு பிக், டாக். எந்த விலங்கு எப்போது வர வேண்டும் என்பதை எழுத்தே சொல்லிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு மொழியையும் நடத்தினால் காலையில் தமிழ், மாலையில் ஆங்கிலம் என்று நேரத்தைப் பிரித்துவிடுவது நல்லது.

1939இல் சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்த மரியா மாண்டிசோரியின் மணல்தாள் எழுத்துகள் இந்த வழிக்கு நன்றாகப் பொருந்தும். எழுத்தை மணல்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்வது, அவ்வளவுதான். வீட்டிலேயே வெட்டலாம். வெட்டப் பொறுமை இல்லையென்றால் தட்டில் பச்சரிசியைப் பரப்பி எழுத விடுங்கள், விஜயதசமி அன்று செய்கிறோமே, அதை ஆண்டு முழுக்கச் செய்தால் என்ன?

இதன் குறை, பாட்டிகளுக்குப் பிடிக்காது. “அ, ஆ சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பட்டம் எதுக்குடி?” என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அகராதி புரட்ட வரிசை தெரிந்தாக வேண்டும். அதைப் பாட்டியிடமே விட்டுவிடலாம். சாப்பாடு ஊட்டும்போது ராகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும். வரிசை வாயில் இருக்கட்டும், எழுத்து சொல்லில் இருக்கட்டும்.

யாருக்கு எது

ஒரே பிள்ளை, பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் விலங்கும் சேர்த்துக் கொடுக்கும் எழுத்தும் போதும், மூன்றாவது எதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒரு நாளைக்கு அரை மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

எட்டு வயது அண்ணனும் ஐந்து வயதுத் தங்கையும் வீட்டில் இருந்தால் விலங்கை விட்டால் வேறு வழியில்லை. அண்ணன் நத்தையைப் பற்றி அரைப் பக்கம் எழுதட்டும், தங்கை அதன் படத்தை வரைந்து கீழே பெயரை எழுதட்டும். ஒரே நத்தை, இரண்டு பாடம்.

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பகலில் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டி என்றால் வாரம் ஒரு எழுத்து மோசமில்லை. ஆனால் ‘வாரம் ஒரு எழுத்து’ என்பதை ‘வாரம் மூன்று எழுத்து, ஒரு குறி’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தெரிந்த எழுத்துக்கு நேரம் செலவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு ஒட்டுவதும் வெட்டுவதும் உயிர் என்றால் எழுத்து வாரத்தின் கைவேலைகளில் சிலவற்றை எந்த வழியிலும் செருகிக்கொள்ளலாம். நாலு மாதம் போன பிறகும் ஐந்தாறு எழுத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் முறையை மாற்றுவதற்கு முன் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது.

முதல் மாதத்தில் எந்தத் திட்டத் தொகுப்பையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். வண்ணத் தாள்களை அச்சடிக்கும் மையே தொகுப்பின் விலையைத் தாண்டிவிடும். சிலேட்டு ஒன்று, பலப்பம், பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய அட்டைகள், ஒரு பூதக்கண்ணாடி போதும். தொடங்குவது ஜூனில் என்றால் முதல் வாரத்துக்குக் காகத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலும் கிடைக்கும், தினமும் வரும். ‘கா’வில் துணைக்காலும் கடைசியில் ‘ம்’மும் இருக்கின்றன. ஒரு பிடி சோறு வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றால் பாடம் ஆரம்பமாகிவிடும்.